டர்பன் நூலகங்களும் நம் தமிழும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த்தில் ஒரு நகராட்சி நூலகத்தின் சிறுவர் பகுதியில் சனிக்கிழமை காலை நாங்கள் நான்கைந்து பேர் தமிழில் கதை சொல்கிறோம். நாங்கள் நூலக ஊழியர்கள் இல்லை, சம்பளமும் கிடையாது. இடம் தருகிறார்கள், பாய் தருகிறார்கள், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் வாராவாரம் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிட்டேன். நான் மயிலாடுதுறைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளை டர்பனிலேயே வளர்த்தவள். அதனால் பதிலோடு பதிலாக என் சொந்த அபிப்பிராயமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

நூலக அட்டைக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? என்ன கொண்டுபோக வேண்டும்?

ஈத்தெக்வினி, அதாவது டர்பன் நகராட்சி எல்லைக்குள் குடியிருந்தால் எதுவும் கட்ட வேண்டாம். உங்கள் ஐடி, முகவரிக்கு ஒரு சான்று, இரண்டும் போதும். லைட் பில்லோ தண்ணீர் பில்லோ உங்கள் பெயரில் வந்தால் வேலை முடிந்தது. பின்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், பில் வீட்டுக்காரர் பெயரில்தான் வருகிறது என்று சொல்பவர்கள்தான் எங்களிடம் அதிகம். அப்படியானால் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஓர் அஃபிடவிட் எழுதிக் கொடுங்கள், முத்திரை போட்டுத் தருவார்கள், அதற்குக் காசு கிடையாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக வந்து தங்கியிருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளின் அட்டைக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், ஆகவே நீங்களும் கூடப் போக வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்குமா?

இருக்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மேர்பேங்க், டோங்காட் மாதிரி நம்மவர்கள் நிறைய இருக்கும் பகுதிகளில் அரை அலமாரியாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைப்பதும் பெரும்பாலும் பழையது.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இந்தப் பக்கத்தை எழுதியதே இதற்காகத்தான். நான் முதன்முதலில் போன ஒரு நூலகத்தில் (பெயர் வேண்டாம்) ஓரத்தில் தமிழ் வரிசை ஒன்று இருந்தது. ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். தொண்ணூறுகளில் மாதத்துக்கு ஒரு முத்திரை விழுந்திருக்கிறது, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, கடைசி முத்திரை 2003இல். அதற்குக் கீழே வெறும் கோடுகள்தான். புத்தகத்துக்குள் யாரோ அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. ஒரு வருஷம் கழித்துப் போனால் அந்த வரிசையே இல்லை. யாரும் எடுக்காததைக் கழித்துவிட்டோம் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்தது உலகம் முழுக்க நூலகங்கள் செய்வதுதான். இடம் குறைவு, வருஷக்கணக்காக வெளியே போகாத புத்தகத்தைக் களையெடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். இப்போது முத்திரைக்குப் பதில் கம்ப்யூட்டர் எண்ணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எதை வாங்குவது என்பதையும் அந்த எண்ணிக்கைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

ஆகவே உங்கள் கிளையில் பத்துத் தமிழ்ப் புத்தகம் இருந்தால் பத்தையும் முறைவைத்து எடுங்கள். முன்பே படித்ததாக இருந்தாலும் எடுங்கள். எடுத்துப் போக நேரமில்லை, அங்கேயே உட்கார்ந்து புரட்டினீர்கள் என்றால் திரும்ப அலமாரியில் செருகாதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள். மேசையில் கிடக்கும் புத்தகங்களையும் எண்ணிக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் பல நூலகங்களில் உண்டு. நாம் ஒழுங்காக எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தால் அதை யாருமே தொடவில்லை என்றுதான் கணக்கு காட்டும்!

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார், உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் அதைப் படித்துத்தான் வருகிறார்கள். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். நாம் எப்போதும் இரண்டாவதைச் சொல்லித்தான் கவுண்டரில் சண்டை போடுகிறோம். மூன்றாவதில் நம் பங்கும் இருக்கிறது.

புதிதாகத் தமிழ்ப் புத்தகம் வாங்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது அன்று சாயங்காலத்தோடு மறந்துபோகும். புத்தகப் பரிந்துரைக்கு ஒரு படிவம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு தாளில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். தலைப்பை ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள், ஏனென்றால் அதைக் கணினியில் ஏற்றப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது.

உடனே வரும் என்று நினைக்காதீர்கள். அரசு பணத்தில் வாங்குவதால், விற்பவர் பெயர் அரசின் வழங்குநர் பட்டியலில் இருக்க வேண்டும், விலைப்புள்ளி வேண்டும். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குப் பணம் அனுப்பி நேராக வரவழைக்கிற மாதிரி எளிதாக நடக்காது. அதோடு கூரியர் செலவு பல சமயம் புத்தக விலையைத் தாண்டிவிடும். இங்கேயே வாங்கினாலும் தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கு 15 சதவீதம் வாட் உண்டு. பிரவுன் பிரெட்டுக்கு வரியில்லை, புத்தகத்துக்கு வரி, இதை யாரிடம் போய்ச் சொல்வது.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். 1996 அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள், இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகளுக்கு மதிப்பளித்து அவற்றை வளர்க்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் தமிழ் பெயர் சொல்லியே இருக்கிறது, தெலுங்கும் இந்தியும் குஜராத்தியும் உருதும் கூட. தலை நிமிர்ந்து கேளுங்கள்.

வீட்டில் இரண்டு பெட்டி தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா?

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். கரையான் அரித்ததும், 1987 பஞ்சாங்கமும், பக்கம் கழன்ற மாத நாவலும் யாருக்கும் வேண்டாம். தாத்தா போன பிறகு அவர் அறையைக் காலி செய்யும் அவசரத்தில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர், பாவம் நூலகர் அதை என்ன செய்வார்? நூலகம் நன்கொடையாக எதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எடுத்தாலும் வகைப்படுத்தி, எண் போட்டு, கணினியில் ஏற்றினால்தான் அலமாரிக்கு வரும்.

நாங்கள் செய்வது இது. நல்ல நிலையில் இருக்கும் புத்தகத்தை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வைக்கிறோம். அதில் ஆங்கில எழுத்தில் தலைப்பு, ஆசிரியர், ‘சிறுவர் கதை, 6 வயது முதல்’ என்கிற மாதிரி ஒரு வரி. புத்தக முதுகின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டுகிறோம். பச்சைப் புள்ளி எதற்கென்றால், எங்கள் நூலகத்தில் அடுக்கி வைக்கும் தம்பிக்கு ஜூலுவும் ஆங்கிலமும்தான் தெரியும், நம் எழுத்து நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு முறை வரிசை முழுவதும் தலைகீழாக நின்றது. புள்ளி கீழே இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது அவர் ‘அ’வைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுகிறார்.

பழைய உள்ளூர்ப் புத்தகம், அதாவது டர்பனிலோ மாரிட்ஸ்பர்க்கிலோ அச்சான தமிழ்ப் பாட்டுப் புத்தகம், சங்க மலர், கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் இதெல்லாம் இருந்தால் மட்டும் தயவுசெய்து யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் மாதிரி இடத்தில் இருக்க வேண்டியவை. போன் செய்துவிட்டுப் போங்கள்.

கிளை நூலகத்தில் கிடைக்காத தமிழை வேறெங்கே தேடுவது?

தென்னாப்பிரிக்காவில் அச்சான எதையும் சட்டப்படி சில நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். 1997ஆம் வருஷச் சட்டம் அது. அந்தச் சில நூலகங்களில் ஒன்று நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது, மூசுந்தூசி நகராட்சி நூலகம். அந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் பெஸ்ஸி ஹெட் பெயரைக் கட்டிடத்துக்கு வைத்திருக்கிறார்கள். இப்படி வந்த பிரதிகளை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

செல்போனில் படிக்கப் பழகியவர்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டிருக்கும் பழைய இலக்கியம் எல்லாம் அங்கே இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் ஏராளம். குழந்தைகளுக்கு என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இருக்கின்றன, படிக்கவும் இறக்கவும் அச்சிடவும் காசில்லை. டேட்டா செலவாகிறது என்பவர்கள் நூலக வைஃபையில் இறக்கிக்கொண்டு போங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

குழந்தையை எந்த வயதிலிருந்து கூட்டி வரலாம்?

கழுத்து நின்றதும் கூட்டி வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு மாதக் குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், அதற்குத்தான் கெட்டி அட்டைப் புத்தகம். அழுதால் யாரும் முறைக்க மாட்டார்கள், கதை நேரத்தில் சிறுவர் பகுதி மீன் மார்க்கெட் மாதிரிதான் இருக்கும்.

என் பிள்ளைக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கதை நேரத்தில் என்ன புரியும்?

இங்கே பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு அப்படித்தான். வீட்டில் ஆயா, தாத்தா, வடை, ரசம், சாமி, இவ்வளவுதான் மிச்சம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் சில வீடுகளில் இது ஆறாவது தலைமுறை, தமிழ் தெரியவில்லை என்று பிள்ளையைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

நாங்கள் மூன்று மொழியும் கலந்துதான் சொல்கிறோம். ஒரு சனிக்கிழமை எப்படிப் போகும் என்று சொன்னால் உங்களுக்கே புரியும். நூலகத்தில் வேலை செய்யும் ஒரு ஜூலு அம்மா, பிள்ளைகள் எல்லாம் அவரைக் கோகோ என்பார்கள், ஜூலுவில் பாட்டி என்று அர்த்தம், அவர்தான் தொடங்குவார். “க்வெசுகெசுகேலா” என்பார், நம் ‘ஒரு ஊரிலே’ மாதிரி. கேட்கிறவர்கள் சும்மா இருக்கக் கூடாது, “சோசி” என்று பதில் கொடுத்தால்தான் கதை நகரும். அந்த ‘சோ’ நாம் எழுதுகிற ‘சோ’ இல்லை. யாராவது விழுந்துவிட்டான் என்று கேட்டால் நாக்கைப் பல்லில் வைத்து உச்சுக் கொட்டுவோமே, அந்த ஒலிதான் முதல் எழுத்து. நான் இத்தனை வருஷமாக முயன்றும் எனக்குச் சரியாக வரவில்லை, நாலு வயதுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்புறம் என் முறை. எங்கள் ஊரில் கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் பாட்டி நிறுத்திவிடுவாள் என்று சொன்னேன். இப்போது கோகோ கதைக்குச் சோசி, என் கதைக்கு ‘ம்’. ஒருநாள் வேண்டுமென்றே யாரும் ‘ம்’ சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், நானும் காக்கா வாயில் வடையோடு அப்படியே நிறுத்திவிட்டேன். அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை, கடைசி வரிசையிலிருந்து ஒரு குட்டி “ம்ம்ம்!” என்று கத்தினாள். அவளுக்கு அன்றுவரை தமிழ் ஒரு சொல் தெரியாது.

இன்னொன்று, நம் கதையில் வரும் நரியை ஆங்கிலப் புத்தகங்கள் ஃபாக்ஸ் ஆக்கிவிடுகின்றன. நரி என்றால் ஜக்கல். இந்த மண்ணுக்குச் சொந்தமான பிராணி, ஜூலுவில் இம்புங்குஷே. அப்படிச் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

எனக்கே தமிழ் படிக்க வராது, நான் எப்படிப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது?

படங்களைக் காட்டி உங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள், அதுவும் வாசிப்புதான். தமிழ் சேர வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கேப் டவுனில் புக் டேஷ் என்று ஓர் அமைப்பு, 2014இல் தொடங்கியது. எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் எல்லோரும் சம்பளம் வாங்காமல் ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு சிறுவர் புத்தகத்தை முடித்துவிடுவார்கள். அந்தப் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து அச்சிடலாம், செய்தவர்கள் பெயரைப் போட்டால் போதும், தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாங்கள் எங்கள் சொந்தப் பிரதிகளில் ஆங்கில வரிக்குக் கீழே தமிழ் வரியையும், அதற்குக் கீழே அதே தமிழை ஆங்கில எழுத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். கறுப்புத் தோல், சுருட்டை முடி, டாக்ஸி, ரோண்டாவெல் என்கிற வட்டக் குடிசை இதெல்லாம் படத்தில் இருக்க, கீழே தமிழ். எனக்கு இது இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தைவிடப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் என் அண்ணி சண்டைக்கு வருவாள். நூலகப் புத்தகத்தில் மட்டும் எதையும் ஒட்டிவிடாதீர்கள், அப்புறம் எங்களை உள்ளே விட மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களே, நூலகம் வேறு எதற்கு?

2021இல் நடந்த பிர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்காவின் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு, எந்த மொழியிலும், படித்ததைப் புரிந்துகொள்ள வரவில்லை. 2016இல் அது 78. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துவிடுகிறார்கள், என்ன படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். இதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், நாற்பது ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் ஓர் ஆசிரியர் என்ன செய்வார். ஆனால் பரீட்சைக்கில்லாமல் சும்மா ஆசைக்குப் படிக்க ஒரு புத்தகம் பல வீடுகளில் கிடையாது, அதுவும் ஒரு காரணம்தான், அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. 2012இலிருந்து நாலிபாலி என்ற இயக்கம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஹோசா மொழியில் ‘இதோ கதை’ என்று அர்த்தம். பிப்ரவரித் தொடக்கத்தில் உலக உரத்த வாசிப்பு நாளுக்கு ஒவ்வொரு வருஷமும் அவர்கள் ஒரு புதுக் கதையைப் பல மொழிகளில் வெளியிடுகிறார்கள். நாங்களும் அன்று தமிழில் சொல்கிறோம்.

டீன் ஏஜ் பிள்ளை புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

திட்டி நடக்காது. காமிக்ஸ் எடுக்கட்டும், கிரிக்கெட் புத்தகம் எடுக்கட்டும், குறுக்கே போகாதீர்கள். எங்கள் பெரிய பிள்ளைகளை ஓரளவு இழுத்தது தில்லையாடி வள்ளியம்மை கதை. ஜோஹன்னஸ்பர்க் பெண், பதினாறு வயது, காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்துவிட்டு நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்துபோனாள். “என் வயசா?” என்று ஒருத்தி கேட்டாள், அன்றைக்கு அவள் செல்போனை எடுக்கவே இல்லை. தில்லையாடி எங்கள் ஊருக்குப் பக்கம்தான், வள்ளியம்மை பெயரில் அங்கே நினைவு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன என்றதும் இன்னும் கேள்விகள்.

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்க இடம் கிடைக்குமா?

கிடைக்கும், சீக்கிரம் போனால். அக்டோபர், நவம்பரில் கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கும். பழைய வினாத்தாள்களை அடிப்படைக் கல்வித் துறையின் தளத்தில் இலவசமாக இறக்கலாம், பிரின்ட் எடுக்கத்தான் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கரன்ட் போகும் நாளை நினைத்து லேப்டாப்பை முதல் நாளே சார்ஜ் போட்டு வையுங்கள்.

வேலை தேடுகிறவர்களுக்கு, பெரியவர்களுக்கு ஏதாவது உண்டா?

கம்ப்யூட்டர், இன்டர்நெட் உண்டு, நேர வரம்போடு. சிவி அடிக்க, அரசு படிவம் நிரப்ப, ஊருக்கு மெயில் அனுப்ப எல்லாவற்றுக்கும் அங்கேதான் கூட்டம். செய்தித்தாள் படிக்க வரும் தாத்தாக்கள் தனி ரகம், அவர்கள் உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் தெரியும்.

எங்கள் ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இனி வாசிப்பு அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. பெரிய எழுத்துப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் தனி அலமாரியாகவே இருக்கும். மக்காண்டாவில், அதாவது முன்பு கிரஹாம்ஸ்டவுன் என்று சொன்ன ஊரில், 1919இலிருந்து பார்வையற்றோருக்கான தென்னாப்பிரிக்க நூலகம் இயங்குகிறது, ஒலிப்புத்தகமும் பிரெயிலும் இலவசமாக இரவல் தருகிறார்கள். சில பொது நூலகங்களில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவிகள் கொண்ட மூலையும் அமைத்திருக்கிறார்கள், உங்கள் கிளையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டமும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. பார்வையில்லாதவர் படிக்கிற வடிவத்துக்கு ஒரு புத்தகத்தை மாற்றப் பதிப்புரிமையாளரிடம் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று 2022 செப்டம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் வழி திறந்துவிட்டது.

தமிழில் கேட்க வேண்டும் என்றால் யாராவது படித்துக் காட்டுவதுதான் வழி. என் மாமியாருக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வாரம் ஒரு மணி நேரம் படிக்கிறான். அவன் உச்சரிப்பைத் திருத்துவதில் அவருக்கு இருக்கும் சந்தோஷம், கதையில் இருப்பதாகத் தெரியவில்லை.

நம் பெரியவர்கள் காலத்தில் நூலகத்துக்குள் விட்டார்களா?

வெள்ளையர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வேறு. தனித்தனி வசதிகள் சட்டம் 1953இல் வந்து 1990இல்தான் நீங்கியது, அந்தச் சட்டத்துக்கு முன்னாலும் வழக்கம் அதுதான். அதனால் நம்மவர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். குவீன் தெருவில், இப்போது டெனிஸ் ஹர்லி தெரு, பார்சி ருஸ்தம்ஜி பெயரில் மண்டபமும் காந்தி நூலகமும் எழுந்தது அப்படித்தான். என் மாமனார் பையனாக இருந்தபோது ஊர் நடுவில் ஒரு பெரிய நூலகத்தின் வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பியதைச் சொல்வார். எழுபது வயதுக்கு மேல் உறுப்பினர் அட்டை வாங்கினார், ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை, அட்டையை மட்டும் பர்ஸில் வைத்திருந்தார். அவர் எண்ணிக்கையில் சேரவில்லை என்று நான் கேலி செய்ததை நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நூலக வாரம் என்கிறார்களே, அது எப்போது?

மார்ச்சில். 1818 மார்ச் 20 அன்று கேப் கவர்னர் சார்ல்ஸ் சோமர்செட் பொது நூலகம் அமைக்க ஆணையிட்டார், அதை ஒட்டி வருவதுதான் இந்த வாரம். அந்த நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒயின் பீப்பாய்க்கு வரி போட்டு! குடிகாரர்கள் காசில் படிப்பாளிகள் வளர்ந்தார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் ஒவ்வொரு மார்ச்சிலும் தவறாமல் சொல்வார். அந்த வாரம் பல கிளைகளில் போட்டி, கதை சொல்லல் எல்லாம் இருக்கும், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். டர்பன் 2017இல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரம் ஆனது, ஆப்பிரிக்காவில் முதல் நகரம் நாம்தான். அந்தப் பெயரைச் சொல்லித் தமிழுக்கும் ஒரு மேடை கேட்கலாம், நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

புத்தகம் தொலைந்துபோனால்? தாமதமானால்?

ஒளிந்துகொள்ளாதீர்கள், அதுதான் முதல் விஷயம். பொதுவாக இரண்டு வாரத்துக்குத் தருவார்கள், முடியாவிட்டால் போன் செய்து நீட்டித்துக்கொள்ளலாம், வேறொருவர் கேட்டு வைக்காத வரை. என் மகன் ஒரு டைனோசர் புத்தகத்தைப் பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டிலோடு வைத்து ஊறவைத்துவிட்டான். நான் வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்துபோனதும், பயந்துபோய் நாலு மாதம் நூலகம் பக்கமே போகவில்லை. கடைசியில் போனால் அந்தப் பெண்மணி பார்த்துச் சிரித்துவிட்டு, அதே புத்தகம் வேறு பிரதி வாங்கித் தந்தால் போதும் என்றார். நாலு மாதம் வீண். தொலைந்தாலும் இப்படித்தான், விலையோ மாற்றுப் பிரதியோ கேட்பார்கள். சேதமான புத்தகத்தை செலோடேப் போட்டு நீங்களே ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகிப் பக்கத்தையும் கெடுத்துவிடும், அப்படியே கொடுங்கள், அவர்களிடம் அதற்கென்று தனி டேப் இருக்கிறது.

எங்கள் பகுதியிலும் இப்படி ஒரு வாசிப்பு வட்டம் தொடங்க என்ன செய்ய வேண்டும்?

மூன்று பேர் போதும், ஆனால் மூன்று பேரும் வாராவாரம் வர வேண்டும். ஐம்பது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவைவிட அது மேல். நூலகரிடம் நேரில் போய்ப் பேசி, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பிள்ளைகளோடு பழகுகிற வேலை என்பதால் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள், போலீஸ் சான்றுகூடக் கேட்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்பதுதான் சரி. வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு நோட்டில் எழுதி நூலகரிடம் கையெழுத்து வாங்குங்கள். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும்போது அவருக்கு அது உதவும், அடுத்த வருஷம் அறை கேட்கும்போது உங்களுக்கு உதவும். ஆடியில் கூட்டம் குறையும், வார இறுதியென்றால் எல்லோரும் மாரியம்மன் கோயில் கஞ்சிப் பூசையில் இருப்பார்கள், அதற்காக மனம் விட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமைக் கதை நேரத்துக்கு முன்பதிவு வேண்டுமா?

வேண்டாம். பத்து மணிக்கு வந்துவிடுங்கள், பாயில் உட்காருமுன் செருப்பைக் கழற்றிவிடுங்கள், ஆடியிலும் பள்ளி விடுமுறையிலும் மட்டும் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். வரும்போது பிள்ளையின் நூலக அட்டையை எடுத்து வாருங்கள். கதை முடிந்ததும் பச்சைப் புள்ளி போட்ட புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துக் கவுண்டருக்கு அனுப்புவோம்.